இருவராகப் பிராக் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் வீட்டுக்காரரும் செக் குடியரசின் தலைநகரான பிராக் போய்வந்ததிலிருந்து, சொந்தக்காரர்களும் அலுவலகத் தோழிகளும் மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. பேக்கேஜ் டூரில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. தாங்களே டிக்கெட் போட்டு, தாங்களே சுற்ற நினைக்கும் கணவன் மனைவிக்காக எழுதுகிறேன்.

பாரிஸ், ரோம் எல்லாம் இருக்க, பிராக் எதற்கு?

பழைய ஊர் பழைய ஊராகவே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வார்சா, பெர்லின் போன்ற நகரங்கள் தரைமட்டமாயின. பிராக்கிலும் சில இடங்களில் குண்டு விழுந்தது, ஆனாலும் பழைய நகரம் பெரும்பாலும் தப்பித்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டுப் பாலத்தில் ஆரம்பித்து, 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளைத் தாண்டி, 1900 வாக்கில் கட்டிய பூவேலைப்பாட்டு முகப்புகள் வரை ஒரே நடையில் பார்க்கலாம். 1992இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது இந்தப் பழைய நகரத்தைத்தான்.

இன்னொன்று, தூரம். பழைய நகரச் சதுக்கத்திலிருந்து ஆற்றைக் கடந்து கோட்டைக்கு ஏற, நிற்காமல் நடந்தால் முக்கால் மணி நேரம் போதும். நிற்காமல் நடக்க முடியாது என்பது வேறு விஷயம்.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்? வியன்னா, புடாபெஸ்ட் இரண்டையும் சேர்த்து ஒரு வாரத்தில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், பார்த்த மாதிரி இருக்காது. பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் நான்கு மணி நேரம். பெட்டி கட்டுவது, விடுதியைக் காலி செய்வது, அடுத்த விடுதியைத் தேடுவது என்று ஒரு பகல் அதிலேயே போய்விடும். பிராக்குக்கு மட்டும் நான்கு இரவு கொடுங்கள். நாட்கள் மிச்சம் இருந்தால் வியன்னாவைச் சேர்த்துக்கொள்ளலாம். புடாபெஸ்டை அடுத்த தடவைக்கு வையுங்கள்.

நான்கு இரவு எதற்கு என்றால், இந்த ஊரில் காலை ஏழு மணிக்கும் இரவு பத்து மணிக்கும்தான் அழகு. நடுப்பகலில் முக்கியமான இடங்களிலெல்லாம் கூட்டம் நெரியும். ஒரு நாளில் இரண்டு நல்ல வேளைதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும்.

எந்த மாதம் நல்லது?

மே, செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அது ஒரு வசதி. டிசம்பரில் பழைய நகரச் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை போடுவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும், குளிரும் நம் ஊர் ஸ்வெட்டருக்குள் அடங்காது. பனி விழும் என்று நம்பி டிக்கெட் போடாதீர்கள். விழுந்தாலும் விழும், வெறும் தூறலாகவே போனாலும் போகும்.

விசா எப்படி? இரண்டு பேருக்கும் ஒரே விண்ணப்பம் போதுமா?

போதாது. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் சேர்த்துச் செல்லும் ஷெங்கன் விசா ஆளுக்கு ஒன்று, கட்டணமும் ஆளுக்கு 90 யூரோ. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுக்க வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் நேரம் கிடைப்பதே கஷ்டம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஒருவருக்கு மட்டும் சம்பளம் என்றால், செலவை அவர் ஏற்பதாக ஒரு கடிதமும் திருமணப் பதிவுச் சான்றிதழும் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் அல்லது மனைவி பெயர் ஏறாதவர்களுக்கு அந்தச் சான்றிதழ்தான் துணை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். வியன்னாவும் பிராக்கும் சம நாள் என்றால், முதலில் எங்கே நுழைகிறீர்களோ அந்த நாடு.

சென்னையிலிருந்து நேரடி விமானம் உண்டா?

இல்லை. துபாய், தோஹா, பிராங்பர்ட் என்று எங்காவது மாற வேண்டும். பிராங்பர்ட் போன்ற ஷெங்கன் ஊரில் மாறினால் குடியுரிமைச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் படமும் எடுத்துப் பதிவு செய்யும் புதிய முறை வந்திருக்கிறது. முதல் தடவை நேரம் பிடிக்கும், மாறுவதற்கு ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிற டிக்கெட்டை எடுக்காதீர்கள்.

யூரோ எடுத்துப் போனால் போதுமா?

அங்கே நாணயம் கொருனா. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவுக்கு மாறவில்லை. சில கடைகளில் யூரோவை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் சொல்வதுதான் விலை. கார்டு ஏறக்குறைய எல்லா இடத்திலும் செல்லும். கழிப்பறைக்கும் சின்னச் செலவுக்கும் கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும்.

பணம் மாற்றும் கடைகள் விஷயத்தில் உஷாராக இருங்கள். "கமிஷன் 0%" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள், மாற்று விகிதத்தில் கறந்துவிடுவார்கள். ரசீதைப் பார்த்ததும் வயிறு எரிந்தால், மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1,000 யூரோ வரை அப்படி ரத்து செய்ய 2019இல் சட்டமே கொண்டுவந்துவிட்டார்கள், ரசீதைத் தொலைக்காமல் இருந்தால் சரி. தெருவில் வந்து "நல்ல ரேட் தருகிறேன்" என்பவரிடம் நின்று பேசக்கூட வேண்டாம். கொருனா என்று சொல்லி வேறு நாட்டு மதிப்பில்லாத நோட்டுகளைக் கையில் திணிப்பது அங்கே பழைய வித்தை.

ஏடிஎம்மிலோ கடையிலோ "ரூபாயில் கழிக்கட்டுமா, கொருனாவில் கழிக்கட்டுமா" என்று திரையில் கேட்டால், கொருனா.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வருவது எப்படி? உள்ளே சுற்றுவது?

விமான நிலையத்துக்கு மெட்ரோ கிடையாது. 59ஆம் எண் டிராலிபஸ்ஸில் நாத்ராஷி வெலெஸ்லவீன் நிலையம் வரை வந்து, அங்கிருந்து மெட்ரோ ஏ தடத்தில் நகர மையத்துக்கு வரலாம். பெட்டி கனம் என்றால் செயலியில் கார் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் டிராம்தான் ராஜா. 24 மணி நேரம், 72 மணி நேரம் என்று டிக்கெட் கிடைக்கும். காகித டிக்கெட் வாங்கினால் முதல் தடவை ஏறும்போது மஞ்சள் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம்தான். சோதனை செய்பவர்கள் சாதாரண உடையில் வருவார்கள், சுற்றுலாப் பயணி என்றெல்லாம் இரக்கம் கிடையாது. மெட்ரோவின் நகரும் படிகள் வேகமும் ஆழமும் அதிகம். நாமெஸ்தி மிரு நிலையத்தில் உள்ள படியின் நீளம் 87 மீட்டர், தலைசுற்றல் உள்ளவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியில் தங்குவது?

பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டி வேண்டாம், விலையும் அதிகம், இரவுச் சத்தமும் அதிகம். ஆற்றின் மேற்குக் கரையில் மாலா ஸ்திரானா அமைதியானது. கொஞ்சம் மலிவாக வேண்டுமென்றால் வினோராடி. டிராம் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், ஏனென்றால் கருங்கல் பாவிய தெருவில் உருளைப் பெட்டியை இழுப்பது தண்டனை.

சார்லஸ் பாலத்துக்கு எப்போது போவது?

விடிந்ததும். இதற்கு இரண்டாவது பதில் என்னிடம் இல்லை.

அரசன் நான்காம் சார்லஸ் 1357இல் கட்டத் தொடங்கிய பாலம். வல்டாவா ஆற்றின் மேல் 16 வளைவு, அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், இரு புறமும் 30 சிலைகள். சிலைகள் பாலத்தைவிட முன்னூறு ஆண்டு இளையவை, இப்போது நிற்பவற்றில் பெரும்பாலானவை நகல்கள். அசல்களைக் காற்று மழைக்குப் பயந்து உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள்.

கூட்டம் மொய்க்கும் சிலை நெபோமுக் யோவான் என்ற பாதிரியாருடையது. நான்காம் வென்சஸ்லாஸ் அரசனின் ஆணைப்படி 1393இல் அவரை இந்த ஆற்றில்தான் எறிந்தார்கள். அரசியின் பாவசங்கீர்த்தன ரகசியத்தைச் சொல்ல மறுத்தார் என்பது மக்கள் சொல்லும் கதை, பேராயருக்கும் அரசனுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் இவர் சிக்கிக்கொண்டார் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்வது. பீடத்தில் உள்ள வெண்கலப் பலகைகளைத் தொட்டால் நல்லது நடக்கும் என்று ஆள் ஆளுக்குத் தடவி, தொட்ட இடம் மட்டும் தங்கமாக மின்னுகிறது, மற்ற இடமெல்லாம் கறுப்பு. பகலில் அதற்கும் வரிசை. காலை ஆறரைக்குப் போனால் கல்யாணப் படம் எடுக்க வந்த ஒரு ஜோடியும், ஓட்டப்பயிற்சிக்காரர்களும், நீங்களும்தான்.

பழைய நகரச் சதுக்கத்தில் உள்ள அந்த வானியல் கடிகாரம் அவ்வளவுதானா என்று சிலர் ஏமாற்றமாகச் சொல்கிறார்களே?

பொம்மை ஆட்டத்தை மட்டும் பார்க்கப் போனால் அவ்வளவுதான். மணி அடிக்கும்போது எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே இரண்டு சன்னல் திறந்து அப்போஸ்தலர்கள் வரிசையாக எட்டிப் பார்ப்பார்கள், கடைசியில் சேவல் கூவும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அத்தனை பேரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பதால் முன்னால் நிற்பவரின் திரையில்தான் நமக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கும் நல்ல நேரம்.

மணி அடித்துக் கூட்டம் கலைந்த பிறகு போய் நில்லுங்கள். 1410இல் செய்த கடிகாரம், இன்னும் ஓடுகிறது, வானியல் கடிகாரங்களில் இன்றும் ஓடுபவற்றில் இதுதான் மிகப் பழையது. சூரியன் எந்த ராசியில் இருக்கிறது, சந்திரன் வளர்பிறையா தேய்பிறையா, சூரியன் மறைந்து எத்தனை மணி நேரம் ஆனது என்பதெல்லாம் ஒரே முகப்பில் இருக்கும். பஞ்சாங்கம் பார்த்துப் பழகிய நமக்கு ராசி வட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கடிகாரம் உள்ள கோபுரத்தில் ஏற லிப்ட் உண்டு.

கோபுரத்தின் கிழக்குப் பக்கம் தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதித்திருப்பார்கள். 1621 ஜூன் 21 அன்று ஹாப்ஸ்பர்க் வம்சப் பேரரசனை எதிர்த்த 27 தலைவர்களை இங்கே வைத்துக் கொன்றார்கள். பலர் அதன்மேல் நின்றுகொண்டே படம் எடுக்கிறார்கள்.

கோட்டைக்கு டிக்கெட் வாங்க வேண்டுமா? எவ்வளவு நேரம் ஆகும்?

முற்றங்களில் நடக்க டிக்கெட் தேவையில்லை, பாதுகாப்புச் சோதனை மட்டும் இருக்கலாம். பேராலயம், பழைய அரண்மனை, பொற்சந்து இவற்றின் உள்ளே போகத்தான் டிக்கெட், அது இரண்டு நாள் செல்லும். ஏறுவதற்கு 22ஆம் எண் டிராம், இறங்குவதற்குக் கால். தலைகீழாகச் செய்தால் மேலே போனதும் உட்கார இடம் தேடுவீர்கள். ஞாயிறு காலை பேராலயத்தில் பூசை நடப்பதால் மதியத்துக்குப் பிறகுதான் பார்வையாளர்களை விடுவார்கள்.

புனித விட்டஸ் பேராலயத்துக்கு 1344இல் அடிக்கல் நாட்டி, 1929இல் கட்டி முடித்தார்கள். நம் வீடு கட்டும் மேஸ்திரியை இனிமேல் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இடது பக்கம் ஓவியர் அல்போன்ஸ் மூகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது, வெயில் அடிக்கும்போது எதிர்த் தூண்களில் நீலமும் பச்சையும் வழியும்.

பழைய அரண்மனையில் ஒரு சாதாரண அறை, சாதாரண சன்னல். 1618இல் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கத்தோலிக்கப் பேரரசனின் அதிகாரிகள் இருவரையும் அவர்களது எழுத்தரையும் அதன் வழியாகத் தூக்கி வெளியே போட்டார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள். தேவதூதர்கள் தாங்கினார்கள் என்றது கத்தோலிக்கத் தரப்பு, கீழே சாணிக்குவியல் இருந்தது என்றது மற்றத் தரப்பு. அதிலிருந்து மூண்ட போர் முப்பது வருடம் ஓடியது.

குழந்தை இயேசு சுரூபம் அங்கேதான் இருக்கிறதாமே?

ஆமாம். நம் ஊரில் குழந்தை இயேசு கோயில்களில் கிரீடமும் அங்கியுமாகப் பார்க்கிறோமே, அதன் மூலச் சுரூபம் மாலா ஸ்திரானாவில் வெற்றி அன்னை ஆலயத்தில் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்தது. 1628இல் பொலிக்சேனா என்ற பிரபு குலப் பெண்மணி கார்மேல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தார். மரத்தின்மேல் மெழுகு பூசியது, முழ உயரம்தான் இருக்கும். திருவழிபாட்டுக் காலத்துக்கேற்ப அங்கி மாற்றுவார்கள், உலகம் முழுவதிலுமிருந்து வந்த அங்கிகளை மாடியில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. என் மாமியாரின் தோழி ஒருவர் கொடுத்தனுப்பிய மன்றாட்டுச் சீட்டுக்காகவே போனோம். பெரிய பேராலயத்தைவிட என் மனதுக்கு நெருக்கமானது இதுதான்.

யூதர் பகுதியைப் பார்க்க வேண்டுமா? மனது கஷ்டப்படும் என்கிறார்களே.

படும், ஆனாலும் போங்கள். பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட, செக் நாட்டின் பகுதிகளான பொகீமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறக்குறைய 80,000 பேரின் பெயர்களைச் சிவப்பும் கறுப்புமாகக் கையால் எழுதியிருக்கிறார்கள். தள்ளி நின்றால் சுவரில் ஏதோ சன்னமான துணி ஒட்டியது போலத்தான் தெரியும். கிட்டே போனால் ஒரே குடும்பப் பெயருக்குக் கீழே அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள். மாடியில் தெரெசின் முகாமிலிருந்த குழந்தைகள் வரைந்த படங்கள். பக்கத்துக் கல்லறையில் இடம் போதாமல் அடுக்கடுக்காகப் புதைத்ததால் கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். சனிக்கிழமை எல்லாமே மூடியிருக்கும். இதை முடித்த கையோடு கடைவீதிக்குப் போகத் திட்டம் போடாதீர்கள், ஆற்றங்கரையில் கொஞ்சம் உட்காருங்கள்.

தமிழுக்கும் பிராக்குக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, கமில் சுவெலபில். சங்க இலக்கியத்தையும் திராவிட மொழிகளையும் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த அறிஞர் 1927இல் பிறந்தது இந்த ஊரில். படித்ததும் தமிழ் கற்பித்ததும் 1348இல் தொடங்கிய சார்லஸ் பல்கலைக்கழகத்தில். 1968இல் சோவியத் படைகள் உள்ளே வந்த பிறகு நாட்டைவிட்டுப் போய், பிற்பாடு நெதர்லாந்தில் பேராசிரியராக இருந்தார். அவர் பெயரில் பார்க்கும்படி தனி இடம் எதுவும் வைத்துப் போகாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடமான கரோலினும் பழைய நகரத்திலேயே இருக்கிறது, அந்த வழியாக நடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம். அதை ஒட்டிய எஸ்டேட்ஸ் அரங்கில்தான் 1787இல் மொசார்ட் தன் 'டான் ஜியோவானி' ஓபராவை முதன்முதலில் அரங்கேற்றினார்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

வேண்டாம். ஆனால் செக் சாப்பாடு என்பது அடிப்படையில் பன்றி, மாடு, வாத்து, அதற்குத் தொட்டுக்கொள்ள மாவுக் கொழுக்கட்டை மாதிரியான க்னெட்லீக்கி. மெனுவில் "பெஸ்மாசா யீட்லா" என்று ஒரு பகுதி இருக்கும், இறைச்சி இல்லாதவை. அதிலும் சூப்பை நம்பாதீர்கள், உருளைக்கிழங்கு சூப் என்றாலும் எலும்புச் சாற்றில் கொதித்திருக்கும். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் தப்பித்தீர்கள். ஸ்மஷெனி சீர் என்றால் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சீஸ் துண்டு, அவித்த உருளைக்கிழங்கோடு வரும். பிராம்போராக் என்பது உருளைக்கிழங்கைத் துருவி, பூண்டு தட்டிப்போட்டுச் சுட்ட அடை, மிளகாய் மட்டும் இருந்திருந்தால் நம் வீட்டுப் பலகாரம் என்றே சொல்லலாம். இரண்டிலும் முட்டை உண்டு. முட்டையும் கூடாது என்றால் இந்திய உணவகங்களும் வீகன் உணவகங்களும் நகர மையத்திலேயே நிறைய இருக்கின்றன.

தயிர் கிடைக்குமா என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். கிடைக்கும், சூப்பர் மார்க்கெட்டில் "பீலி யோகுர்ட்", சர்க்கரை போடாதது. சமையலறையோடு அறை எடுத்தால் அரிசி வாங்கி இரவுக்குத் தயிர் சாதம் முடித்துக்கொள்ளலாம். வியட்நாமியர்கள் நடத்தும் சின்னக் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு, இரவு வெகுநேரம் திறந்திருக்கும்.

சுருள் மாவைச் சுட்டுச் சர்க்கரை தூவி விற்கும் த்ரெடெல்னீக்கை "பாரம்பரியப் பலகாரம்" என்று எழுதியிருப்பார்கள். சுற்றுலாவுக்காக வந்த பாரம்பரியம் அது. வாசனை நன்றாக இருக்கும், ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள்.

பீர் குடிக்காதவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறதா?

இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றுப் பானங்கள் பெரிய குவளையில் வரும். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், பாட்டில் தண்ணீர் பல இடங்களில் பீர் விலைக்கு வந்துவிடும்.

அவருக்கு வரலாறு, எனக்கு நடையும் கடையும். சண்டை வராமல் சுற்றுவது எப்படி?

தினமும் மதியம் மூன்று மணி நேரம் தனித்தனியாகப் போங்கள். இதைச் சொன்னால் ஜோடியாகப் போய்விட்டுப் பிரிந்து சுற்றுவதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அவர் தேசிய அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பலகையையும் படித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சந்திக்க நல்ல இடம் வென்சஸ்லாஸ் சதுக்கத்தின் மேல்முனையில் உள்ள குதிரைச் சிலை. உள்ளூர்க்காரர்களும் "வாலுக்குக் கீழே வந்துவிடு" என்று சொல்லித்தான் அங்கே சந்திப்பார்கள். அந்தச் சதுக்கத்தின் உச்சியில், அருங்காட்சியகத்தின் முன்னால் நடைபாதையிலிருந்து புடைத்து எழும் வெண்கலச் சிலுவை ஒன்று உண்டு. சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1969 ஜனவரியில் தீக்குளித்த மாணவன் யான் பலாக் நினைவாக வைத்தது. மிதித்துவிடாதீர்கள்.

இருவருக்கு மட்டும் என்று ஏதாவது?

ஸ்லோவன்ஸ்கி தீவில் மிதிபடகு வாடகைக்குக் கிடைக்கும், பாலத்தை ஆற்றிலிருந்து பார்க்கலாம். லெட்னா பூங்கா மேட்டிலிருந்து பார்த்தால் பாலங்கள் வரிசையாகத் தெரியும், மாலையில் போங்கள். மே முதல் தேதி அங்கே இருந்தால் பெட்ரீன் குன்றுக்குப் போங்கள். அன்று பூத்த மரத்தடியில் காதலர்கள் முத்தமிட்டுக்கொள்வது செக் வழக்கம், தாத்தா பாட்டிகள்கூட வருவார்கள். நம் ஆட்களுக்குக் கூச்சம் என்றால், 1891இல் கட்டிய கோபுரம் அங்கேயே இருக்கிறது, 299 படி ஏறிக் காட்சி பார்க்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்கள் சமாளிக்க முடியுமா?

டிராமை நம்பினால் முடியும். நடைபாதைகள் சின்னச் சதுரக் கற்களால் பாவியவை, மழை பெய்தால் வழுக்கும். தடித்த அடி உள்ள பழகிய ஷூ போடுங்கள். புடவைக்குப் பொருத்தமான செருப்பு படத்துக்கு மட்டும் பையில் இருக்கட்டும்.

பாதுகாப்பான ஊரா?

இரவு பத்து மணிக்கு இருவரும் தாராளமாக நடக்கலாம். 22ஆம் எண் டிராமிலும் பாலத்திலும் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

ஒரு நாள் வெளியூர் போக வேண்டுமென்றால்?

குட்னா ஹோரா. ரயிலில் ஒரு மணி நேரம். வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த பழைய ஊர். அந்த ஊரின் செட்லெட்ஸ் பகுதியில் மனித எலும்புகளால் அலங்கரித்த தேவாலயம் இருக்கிறது, உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. செஸ்கி க்ரும்லோவ் இன்னும் அழகு, ஆனால் போக மூன்று மணி வர மூன்று மணி, ஓர் இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள்.

என்ன வாங்கி வரலாம்?

பொகீமியக் கண்ணாடிப் பொருள், சிவப்புக் கார்னெட் கல் நகை, மர பொம்மலாட்டப் பொம்மை, கார்லோவி வாரி ஊரின் வட்ட வேபர். கார்னெட்டுக்குச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மரப்பொம்மை ரஷ்யாவுடையது, அதற்கும் பிராக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 கொருனாவுக்கு மேல் வாங்கினால் வரியைத் திரும்பப் பெறும் படிவம் கேளுங்கள். கிளம்பும் அன்று பொருளையும் படிவத்தையும் சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிய பிறகுதான் பெட்டியை விமானத்துக்குப் போட வேண்டும். நடுவில் இன்னொரு ஷெங்கன் விமான நிலையத்தில் மாறுகிறீர்கள் என்றால், எந்த ஊரில் காட்ட வேண்டும் என்பதை வாங்கும் கடையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.